பொரி உருண்டையும் அதன் அமெரிக்கத் தங்கச்சியும்

போன டிசம்பரில் செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாள் வகுப்புத் தோழி ஒருத்தி டப்பா நிறைய பச்சைச் சதுரங்கள் கொண்டுவந்தாள். பர்பி மாதிரி வெட்டியிருந்தது. கடித்தால் மொறுமொறு, உள்ளே ஜவ்வு, கடைசியில் லேசான கசப்பு. அவள் அக்கா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த அரிசி சீரியல், மார்ஷ்மெல்லோ, வெண்ணெய், கிரீன் டீ பொடி. மார்ஷ்மெல்லோவை வெண்ணெயில் உருக்கி, பொடியைக் கலந்து, சீரியலைக் கொட்டிக் கிளறி, தட்டில் அழுத்தி, ஆறியதும் வெட்டவேண்டும். அவன் வேண்டாம், ஹாஸ்டல் இண்டக்ஷன் அடுப்பே போதும். கிறிஸ்துமஸ், நியூ இயர் விடுமுறைக்கு வெளிநாட்டில் எல்லார் வீட்டிலும் செய்வார்களாம்.

"இந்த மாதிரி சிம்பிளா ஒண்ணு நம்ம ஊர்ல கிடையாதுல்ல" என்றாள்.

எனக்கு வாய் நிறைய இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முழுங்கியதும் சொன்னேன்: "இது பொரி உருண்டை."

எல்லாரும் சிரித்தார்கள். உத்திரமேரூர்க்காரன் எதைப் பார்த்தாலும் எங்க ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது என்பான் என்று ஒரு கேலி எங்கள் வகுப்பில் உண்டு. (குடவோலை பற்றி முதல் வருஷத்தில் அளவுக்கு அதிகமாகப் பேசிவிட்டேன். தப்புதான்.) ஆனால் இந்தமுறை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பொரித்த தானியம், அதை ஒட்டவைக்க ஒரு இனிப்புப் பசை, சுடச்சுடக் கையால் வடிவம் கொடுப்பது, பண்டிகைக் காலம். நாலும் ஒன்றாக இருக்கிறதே? அந்தக் கேலிக்குப் பதிலாக விடுமுறை முழுக்கத் தோண்டியதில் கிடைத்தவைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் எங்கள் தெருவிலிருந்து தொடங்குகிறேன். கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்பே பஜாரில் பொரி மூட்டைகள் வந்து இறங்கிவிடும். நகரத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன், பொரி என்றால் ஒன்றில்லை, மூன்று. நெல்லை உமியோடு சுடுமணலில் போட்டுப் பொரித்து உமியைப் புடைத்து எடுப்பது நெல் பொரி. மல்லிகை மொட்டு பிரிந்த மாதிரி ஒழுங்கில்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும். அவலைப் பொரித்தால் அவல் பொரி. மசாலாப் பொரிக்கும் ஆயுத பூஜைக்கும் வாங்குகிற குண்டு மணி அரிசிப் பொரி மூன்றாவது. கார்த்திகைக்கு நெல் பொரியும் அவல் பொரியும்தான் முறை. அரிசிப் பொரியில் செய்தால் எதிர்வீட்டு ஆயா "அது ஆபீஸ் பொரி" என்று ஒதுக்கிவிடும். ஆயுத பூஜை அன்று ஆபீஸிலும் பட்டறையிலும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதனால் அந்தப் பேர்.

சாயங்காலம் அகல் விளக்கு, கோயிலில் சொக்கப்பனை. பையன்கள் பனம்பூவைக் கரியாக்கித் துணியில் கட்டி மாவளி சுற்றுவார்கள். நெருப்புப் பொறி வட்டமாகத் தெறிக்கும். மாவலிச் சக்கரவர்த்திக்கு உடம்பெல்லாம் எரிச்சல் வந்து கார்த்திகை விரதம் இருந்து தீர்ந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைப் பொரி திருநீறு பூசிய சிவன், அதில் போடும் தேங்காய்ப் பல் மாவலியின் கொடைக்குணம், வெல்லம் பக்தி என்று ஆன்மிகப் பத்திரிகைகளில் வருஷா வருஷம் விளக்கம் வரும். எனக்கு அதைவிட எளிய காரணம் ஒன்று தோன்றுகிறது. புது நெல் வீட்டுக்கு வருகிற காலத்தை ஒட்டி இந்தப் பண்டிகை நிற்கிறது. கையில் நெல் இருக்கிறது, பொரிக்கிறோம்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அகநானூற்றில் 141-ஆம் பாட்டு, நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்த வானம், நிலவு கார்த்திகை மீனோடு சேரும் இரவு, தெருவெல்லாம் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டுக் கொண்டாடுகிறார்கள். அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி, வயலில் விளைந்த நெற்கதிரை முறித்து வந்து பெண்கள் பாசவல் இடிக்கிறார்கள். அந்த உலக்கைச் சத்தத்துக்கு வெள்ளைக் கொக்கு மிரண்டு பறக்கிறது. கார்த்திகை விளக்கும் இடித்த நெல்லும் ஒரே பாட்டில்! பாசவல் என்றால் பச்சை அவல். முற்றாத நெல்லிலிருந்து வருவதால் பச்சை. டப்பாவில் வந்த பச்சைச் சதுரத்தை நினைத்துக்கொண்டேன். (எங்கள் பக்கம் வேடந்தாங்கல் என்பதால் கொக்கு மிரளும் காட்சி எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது வேடந்தாங்கல் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. கொக்குக்கு அது தெரியாது.)

அது அவல். பொரிக்கும் பழைய சாட்சி உண்டு. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் காணும் கல்யாணக் கனவில், அண்ணன்மார் வந்து அவள் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்து, பொரி முகந்து தீயில் இடச்செய்கிறார்கள். இன்றைக்கும் பல கல்யாணங்களில் பொரியிடும் சடங்கு அப்படியே நடக்கிறது. அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டு. திருப்புகழில் அவர் விநாயகருக்கு வைக்கும் படையலில் அப்பத்தோடு அவலும் பொரியும் இருக்கின்றன. கரும்போ, அதியமானின் முன்னோர் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிற அளவுக்குப் பழசு. ஆக பொரியும் வெல்லமும் இந்த மண்ணில் பல நூறு வருஷங்களாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவை.

இப்போது அமெரிக்காவுக்கு ஒரு தாவல். பொரியை "கண்டுபிடித்தவர்" அங்கே ஒருவர் இருக்கிறார். அலெக்சாண்டர் ஆண்டர்சன், தாவரவியல் விஞ்ஞானி. மாவுச்சத்துத் துகளுக்குள் நுண்ணிய அளவு தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, 1901 டிசம்பரில் நியூயார்க் தாவரவியல் தோட்டத்தில் ஒரு சோதனை செய்தார். மாவுச்சத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடிச் சூடாக்கி, பிறகு குழாயைச் சுத்தியலால் உடைத்தார். உள்ளே அடைபட்ட நீராவி ஒரே நொடியில் விடுபட, மாவு வெள்ளையாக உப்பி வெளியே வந்தது. அரிசியிலும் அப்படியே நடந்தது. குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் எட்டு வெண்கலப் பீரங்கிகளில் அரிசியை அடைத்துச் சூடாக்கிக் கூட்டத்துக்கு முன்னால் வெடித்துக் காட்டினார்கள். பீரங்கியால் சுட்ட உணவு என்றே பிற்பாடு விளம்பரம் செய்தார்கள்.

ஆண்டர்சன் பெரிய ஆள்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாய் செய்த வேலையை நெல் பொரியில் யார் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உமி! நெல்லுக்குள் இருக்கும் ஈரம் சுடுமணலில் ஆவியாகிறது, உமி அதைக் கொஞ்ச நேரம் வெளியே விடாமல் பிடிக்கிறது, தாங்கமுடியாத கட்டத்தில் பிளக்கிறது, அரிசி உப்பி வெளியே வருகிறது. மூடி, சூடு, திடீர் விடுதலை. பாப்கார்னுக்கும் இதே கதை, அங்கே சோளத்தின் தோல்தான் மூடி.

அரிசிப் பொரி இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அதில் உமி கிடையாது. நெல்லைப் புழுக்கி, காயவைத்து, அரைத்து, அந்தப் புழுங்கலரிசியில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி மறுபடி காயவைப்பார்கள். ஈரம் சுமார் 10, 11 சதவீதத்தில் நிற்கவேண்டும். கூடினால் கடினமாகப் போகும், குறைந்தால் உப்பாமல் கருகும். பிறகு 200 டிகிரிக்கு மேல் கொதிக்கிற மணலில் கொட்டிக் கிளறினால் பத்துப் பன்னிரண்டு விநாடியில் வேலை முடிந்து சல்லடைக்கு வந்துவிடும். புழுக்கும்போதே மாவுச்சத்து வெந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடுவதால், அரிசியின் உடம்பே மூடியாகிறது. பொரி அடுப்பில் நிற்பவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது, ஈரம் அளக்கும் கருவி கிடையாது. அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து "இன்னொரு வெயில் வேணும்" என்பார். நான் கேட்டிருக்கிறேன்.

தோழியின் டப்பாவில் இருந்த சீரியலின் மூதாதை கெல்லாக்ஸ் கம்பெனியின் ரைஸ் கிரிஸ்பீஸ், 1928-ல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பீரங்கி இல்லை. அரிசியைச் சர்க்கரை, உப்பு, மால்ட் சேர்த்து வேகவைத்து, காயவைத்து, லேசாக நசுக்கி, கடும் சூட்டில் பொரிப்பார்கள். வேகவைப்பது, காயவைப்பது, சூட்டில் உப்பவைப்பது. மணலுக்குப் பதில் அடுப்புக் காற்று என்பதைத் தவிர, ஆண்டர்சனைவிட எங்கள் பஜார் பொரிக்காரருக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்.

சரி, உருண்டைக்கு வருவோம். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாப்கார்ன் உருண்டை இருந்தது. கிறிஸ்துமஸுக்குச் செய்வார்கள், மரத்தில்கூடத் தொங்கவிடுவார்கள். அதை எதை வைத்துப் பிடித்தார்கள் தெரியுமா? மொலாசஸ். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்த பிறகு நிற்கிற கருப்புப் பாகு. நம் வெல்லப்பாகுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதைப் படித்தபோது நான் தனியாக அறையில் உட்கார்ந்து கைதட்டினேன் :-)

மார்ஷ்மெல்லோ வந்தது 1939-ல். கெல்லாக்ஸ் கம்பெனியின் சமையல் பிரிவில் வேலைசெய்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரண்டு பெண்கள் அந்தக் கருப்புப் பாகைத் தூக்கிவிட்டு மார்ஷ்மெல்லோவை உருக்கி ஊற்றினார்கள். மில்ட்ரெட் டே அயோவாவில் மனையியல் படித்து 1928-ல் பட்டம் வாங்கியவர், ரைஸ் கிரிஸ்பீஸ் கடைக்கு வந்த அதே வருஷம். கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமியர் அமைப்பு நிதி திரட்ட இந்தப் பண்டத்தைச் செய்து விற்றது. 1941-லிருந்து செய்முறையைச் சீரியல் டப்பாவின் மேலேயே அச்சடித்தார்கள். வணிகவியல் மாணவனாக நான் இங்கே எழுந்து நின்று வணக்கம் வைக்கிறேன். பொருளை விற்காமல், பொருளைக் காலி செய்யும் வழியை விற்றிருக்கிறார்கள்! ஒரு தட்டு செய்தால் டப்பாவில் பாதி போய்விடும், மறுபடி கடைக்குத்தான் ஓடவேண்டும். கம்பெனியே அந்தச் சதுரத்தைச் செய்து பாக்கெட்டில் விற்க ஆரம்பித்தது 1995-ல்தான். அரை நூற்றாண்டு அது வீட்டுப் பலகாரமாகவே இருந்திருக்கிறது.

பாகை ஏன் மாற்றினார்கள்? பாகு வைத்துப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். பாகு ஒரு ராட்சசன். ஒரு நிமிஷம் முந்தினால் உருண்டை பிடிக்காது, பொரி நனைந்து சப்பென்று ஆகும். ஒரு நிமிஷம் பிந்தினால் கல். அடுப்பிலிருந்து இறக்கிப் பொரியைக் கொட்டினால் ஆறுவதற்குள் பிடித்து முடிக்கவேண்டும், கை கொப்பளிக்கும். அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து வேகமாக உருட்டுவார்கள். மார்ஷ்மெல்லோவில் இந்தத் தொல்லை இல்லை. அது ஏற்கெனவே காய்ச்சி, ஜெலட்டின் சேர்த்து, காற்றடித்து நுரையாக்கிய சர்க்கரை. பதம் பார்க்கும் வேலையை ஃபாக்டரியே முடித்து அனுப்புகிறது. உருக்கினால் போதும், எட்டு வயதுக் குழந்தைகூடச் செய்யும். மில்ட்ரெட் டேயின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் நீக்கியது மொலாசஸை அல்ல, பயத்தை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. அன்றைக்கு வகுப்பில் பாதி பேர் சைவம். டப்பா ஒரு சுற்று முடிந்த பிறகுதான் ஒருவன் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைத் திருப்பிப் பழுப்புக் குறியைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை எழுத வேண்டாம். தோழிக்கு உண்மையிலேயே தெரியாது, அழுதுவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. வெளுத்த, பஞ்சு மாதிரியான ஒரு மிட்டாய்க்குள் எலும்பு இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? வேடிக்கை என்னவென்றால், மார்ஷ்மெல்லோ என்ற பேரே சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் பேர். பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் அதன் வேர்ச் சாற்றைச் சர்க்கரையோடும் முட்டை வெள்ளைக்கருவோடும் அடித்துச் செய்தார்கள். ஜெலட்டின் வந்து வேரை வெளியே அனுப்பிவிட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது.

கிரீன் டீயைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சீனத்திலிருந்து தேயிலை விதையை 1191-ல் எய்சாய் என்ற புத்தத் துறவி ஜப்பானுக்குக் கொண்டுபோனதாக அங்கே சரித்திரம். நிழலில் வளர்த்த இலையை ஆவியில் காட்டிக் காயவைத்துக் கல்லில் அரைத்தால் மாச்சா, பாசி நிறப் பொடி. அந்த ஜப்பானில் ஒக்கோஷி என்று ஒரு பலகாரம் உண்டு. பொரித்த அரிசியைச் சர்க்கரைப் பாகில் பிரட்டி அழுத்தி வெட்டுவார்கள். டோக்கியோவில் அசாகுசா கோயில் வாசலில் எடோ காலத்திலிருந்து விற்கிறார்கள், மாச்சா போட்டதும் கிடைக்கும். கோயில் வாசலில் பொரிப் பலகாரம்! காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. பச்சைச் சதுரத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், அமெரிக்கச் சமையலறையும் ஜப்பான் கோயில் தெருவும் சிங்கப்பூரில் சந்தித்துக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நானும் ஒரு சோதனை செய்தேன். நெல் பொரி, வெல்லப்பாகு, டீ பேகைக் கிழித்துக் கொட்டிய கிரீன் டீ. யாரும் செய்யாதீர்கள். இலைத்தூள் பல்லில் மாட்டியது, பச்சை நிறம் வெல்லத்தில் செத்துப்போய் சாணி நிறம் வந்தது. அப்பா ஒரு உருண்டையைக் கடித்துவிட்டு "கஷாயமா?" என்றார். நீலகிரியில் தேயிலை விளைந்தாலும் எங்கள் ஊருக்கு டீ என்றால் பாலும் சர்க்கரையும் போட்டதுதான். கிரீன் டீ எல்லாம் உடம்பைக் குறைக்க டாக்டர் சொன்னால் வாங்குவது.

இனி நான் படிக்கிற படிப்புக்குக் கொஞ்சம் மரியாதை செய்கிறேன். உலக நாடுகள் சுங்கத்துக்கும் வரிக்கும் பயன்படுத்தும் பொருள் பட்டியல் ஒன்று உண்டு, எச்எஸ்என் என்று கணக்குப் பதிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதில் தானியத்தைப் பொரித்தோ வறுத்தோ செய்த உணவுக்குத் தலைப்பு எண் என்ன தெரியுமா? 1904. செயின்ட் லூயிஸ் பீரங்கி வெடித்த வருஷமும் 1904! தற்செயல்தான், 19-ஆம் அத்தியாயத்தில் 4-ஆம் தலைப்பு, அவ்வளவே. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விஷயம் என்னவென்றால் டப்பா சீரியலும் பஜார் பொரியும் இதே 1904-ன் கீழ்தான் வருகின்றன. என்னைக் கேலி செய்தவர்களே, உலக சுங்கத்துறையே சொல்லிவிட்டது, இரண்டும் ஒரே சாதி. வரியில் மட்டும் வித்தியாசம் இருந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது சீரியலுக்கு 18 சதவீதம், மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் பொரிக்கு வரியே இல்லை. 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய பொரிக்கு 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சீரியலும் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பொரி பாக்கெட்டும் கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவும் கடைசியில் ஒரே வரியில் நிற்கின்றன.

அந்த வரிப் பட்டியலில் பொரியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். முரி, சிரா, கொய், முர்க்கி. அரிசிப் பொரி, அவல், நெல் பொரி, வெல்லம் பூசிய பொரி என்ற நாலும் வரிசையாக இருக்கின்றன, நாலுக்கும் கிழக்கிந்தியப் பேர்கள். பொரி என்ற சொல் இல்லை, அவல் இல்லை. வங்காளிகள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் தங்கள் ஜெய்நகர் மோவாவுக்கு, அதுவும் நெல் பொரியும் ஈச்ச வெல்லமும் சேர்ந்த உருண்டைதான், 2015-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். நம் பக்கம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் கிடைத்தது. கார்த்திகைப் பொரி உருண்டைக்கு யார் கேட்பது? எல்லா ஊரிலும் செய்வதால் எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

இங்கேதான் எனக்கு ஒன்று உறுத்துகிறது. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்துக்கு நிற்பவனுக்குக் கால் வேலிக்கு மேல் நிலம் இருக்கவேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் நிற்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்தது. நெல்லை இடித்தவர்கள், பொரித்தவர்கள் அந்தச் சுவரில் இல்லை. அகநானூற்றிலும் உலக்கைச் சத்தம் உண்டு, பிடித்தவளின் பேர் இல்லை. கெல்லாக்ஸ் லாபத்துக்கு நடந்த கம்பெனிதான். ஆனாலும் சமையலறையில் நின்ற இரண்டு சம்பளக்காரப் பெண்களின் பேர் இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. நம் பாகில் அந்தப் பயத்தை எப்படித் தாண்டுவது என்று கண்டுபிடித்தவளின் பேர் எனக்குத் தெரியாது. யார் முதலில் என்ற சண்டையை விடக் கணக்கில் யார் ஏறினார்கள் என்ற கேள்விதான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது.

அவள் கண்டுபிடித்தது இதுதான். தெர்மாமீட்டர் இல்லாமல் பாகின் பதம் பார்க்கும் வழி. எதிர்வீட்டு ஆயா செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

ஒரு படி பொரிக்குக் கால் கிலோ வெல்லம். (பொரியைப் படியால்தான் அளக்கவேண்டும். எடை போட்டால் காற்றுக்கு யார் காசு கொடுப்பது?) வெல்லத்தைத் தட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி வதக்கி ஈரம் போக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே சிக்கு நாற்றம் வரும். பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, சுக்கு, ஏலக்காய். பாகு நுரைத்து, நுரை பெரிய குமிழாகி, பிறகு மெதுவாகப் பொங்கும்போது ஒரு சொட்டைக் கிண்ணத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டவேண்டும். கரைந்தால் இன்னும் இல்லை. மெத்தென்று உருண்டால் அதிரசத்துக்குச் சரி, பொரிக்குப் போதாது. திரட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வரவேண்டும்.

"சத்தம் வரலைன்னா மழைக்கு நமுத்துடும் கண்ணு" என்றது ஆயா. அந்த ஒரு வரியில் பாதி அறிவியல் இருக்கிறது. கார்த்திகை எங்களுக்கு மழைக்காலம். வடகிழக்குப் பருவக்காற்றில் சுவரே வியர்க்கும். வெல்லம் ஈரத்தை இழுக்கும் பண்டம், பொரி அதைவிட. பாகில் தண்ணீர் மீதமிருந்தால் அது பொரிக்குள் இறங்கி ஒரே இரவில் மொறுமொறுப்புப் போய்விடும். நன்றாக முற்றிய பாகு பொரிமேல் கண்ணாடி மாதிரி இறுகி உறை போட்டுவிடுகிறது. மழையில்லாத ஊராக இருந்தால் இளம்பாகிலேயே காலம் தள்ளியிருப்போமோ என்னவோ.

அன்று முதல் சட்டி எனக்குக் கொடுத்தது ஆயா. அவசரப்பட்டு இறக்கிவிட்டேன், தட்டில் போட்டால் சொத். அதைப் பாயசத்தில் போட்டுச் சரிக்கட்டினோம். இரண்டாவது சட்டியை முற்றவிட்டேன், உருண்டை கிரிக்கெட் பந்து. மூன்றாவது சட்டியில் டங் கேட்டது. அரிசி மாவைத் தொட்டு நான், அம்மா, ஆயா மூவரும் உருட்டினோம். இரண்டு விரலில் இன்னும் கொப்புளத் தழும்பு இருக்கிறது. ஆயாவின் பேரை இங்கே போடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? ரேஷன் கடைக்கா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றது. அதனால் போடவில்லை.

ஊரிலிருந்து திரும்பும்போது டப்பாவில் முப்பத்தெட்டு உருண்டைகள். மார்ஷ்மெல்லோ தோழிக்கு முதல் உருண்டை. கடிக்கும்முன் அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இதுல எலும்பு இல்லையே?"